நாள் தள்ளிப்போகும்போது பையன் எங்கே இருக்கிறான்?

நிக் ஹார்ன்பி 2007இல் எழுதிய ‘ஸ்லாம்’ நாவலின் நாயகன் சாமுக்குப் பதினாறு வயது. ஸ்கேட்போர்டுதான் அவன் உலகம். காதலிக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்ததும், முடிவு என்ன என்று கேட்டுக்கொள்ளாமலே லண்டனிலிருந்து ரயிலேறி ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போய்விடுகிறான். கைப்பேசியைக் கடலில் வீசியெறிகிறான். இனி அங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டு பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவன் திட்டம். கிடைத்த வேலையோ, தங்கிய விடுதியில் ஒரு முதியவரை மாடிப்படி ஏற்றி இறக்குவது. சீக்கிரமே வீடு திரும்பிவிடுகிறான்.

படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் பையன்களின் மனத்தை ஆராய்ந்தவர்கள் இந்த ஓட்டத்தை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிடுவதில்லை. வயிற்றில் புளியைக் கரைக்கிற செய்தி, இன்னும் உறுதியாகாத செய்தி, வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத செய்தி. மூன்றும் ஒன்றாக வந்து விழுந்தால் பெரியவர்களுக்கே கையும் ஓடாது, காலும் ஓடாது. பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி மருத்துவமும் சட்டமும் சமூகநலத் துறைகளும் நிறையப் பேசியிருக்கின்றன. பேச வேண்டியதுதான், உடல் அவளுடையது, ஆபத்தும் முதலில் அவளுக்குத்தான். பையனைப் பற்றிய பேச்சு மட்டும் இரண்டு இடத்தில் நின்றுவிடுகிறது: ஒன்று அவன் குற்றவாளி, இல்லையென்றால் பணம் கட்ட வேண்டியவன். நடுவில் பயந்துபோன ஒரு பிள்ளை நிற்பது யார் கண்ணிலும் படுவதில்லை. கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். அவன் வாய் திறக்காததற்கு அவன் சுபாவத்தைவிட, நம்பிச் சொல்ல ஆளில்லாததே பெரிய காரணம்.

எண்ணிக்கையிலேயே இந்தப் பாராமுகம் தெரிகிறது. அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு 1991இல் 61.8 பிரசவங்கள் நடந்தன. 2022இல் அது 13.6 ஆகக் குறைந்தது. இங்கிலாந்தில் 1999இல் அரசு தனியாக ஒரு திட்டமே தீட்டியது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் கருவுறும் விகிதம் 1998இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது, இருபது ஆண்டுகளில் 17க்கும் கீழே இறங்கியது. பெரிய சாதனைதான். ஆனால் இவை எல்லாம் பெண்களை வைத்துப் போட்ட கணக்கு. எத்தனை பையன்கள் அப்பாவானார்கள், எத்தனை பேர் ஆகியிருப்போமோ என்று தவித்தார்கள் என்பதற்கு இதுபோல நம்பத்தகுந்த கணக்கு எந்த நாட்டிலும் எளிதில் கிடைக்காது. பிறப்புப் பதிவில் தகப்பன் வயது என்ற கட்டம் பல நேரம் காலியாகவே கிடக்கும். இன்னொரு தகவலையும் இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்பு ஒன்றை வைத்து டேவிட் லாண்ட்ரி, ஜாக்குலின் ஃபாரஸ்ட் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வின்படி, 15 முதல் 17 வயதுத் தாய்மார்களின் குழந்தைகளில் பாதிப் பேருக்குத் தகப்பன் இருபது வயதோ அதற்கு மேலோ ஆனவன். பள்ளிப் பையன்தான் காரணம் என்று எல்லாரும் எடுத்துக்கொள்வது பாதிக்குத்தான் பொருந்துகிறது.

மீதிப் பாதியில் வருகிற பையன் எப்படிப்பட்டவன்? பிரையன் ராபின்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988இல் ‘டீனேஜ் ஃபாதர்ஸ்’ என்ற நூலைக் கொண்டுவந்தார். பதின்பருவத் தகப்பன்களைப் பற்றி ஊரில் உலவும் கட்டுக்கதைகளை அவர் ஐந்தாக வகைப்படுத்தினார். பெண் விஷயத்தில் எல்லாம் தெரிந்த சூரன். ஏமாற்றிக் கெடுக்கிற மன்மதன். ஆண்மையை நிரூபிக்கத் துடிப்பவன். எது நடந்தாலும் அலட்டிக்கொள்ளாதவன். காரியம் முடிந்ததும் மாயமாகிறவன். நேரில் விசாரித்தால் இந்த ஐந்து வேஷமும் கலைந்துபோகிறது என்பது அவர் முடிவு. பல பையன்களுக்கு அந்தப் பெண்ணோடு மாதக்கணக்கில் நீடித்த உறவு இருந்தது. உடலியல் அறிவு அரைகுறை. மனநலத்தில் மற்றப் பையன்களிலிருந்து பெரிதாக வேறுபடவும் இல்லை. ‘அலட்டிக்கொள்ளாதவன்’ என்று வெளியே தெரிந்தவன் உள்ளே தூக்கமில்லாமல் கிடந்தான்.

இதில் மிகக் கொடுமையான கட்டம் எது? குழந்தை பிறந்த பிறகு வருவதாகத்தான் பலரும் நினைப்பார்கள். உண்மையில், இருக்குமோ இருக்காதோ என்று தெரியாத அந்த முதல் சில வாரங்கள்தான் பையனை அதிகம் ஆட்டிவைக்கின்றன. இதற்கு ஒரு காரணத்தை டேவிட் எல்கைண்ட் 1967இலேயே எழுதியிருந்தார். மற்றவர்களுக்கு நடப்பது தனக்கு மட்டும் நடக்காது என்று பதின்பருவத்து மனம் தனக்குத் தானே ஒரு கதை சொல்லிக்கொள்கிறது என்றார் அவர். அந்தக் கதை ஒரே குறுஞ்செய்தியில் உடைந்துபோகும்போது கையில் மாற்றுக் கதை எதுவும் இருப்பதில்லை. ஒரு மணி நேரம் ‘ஒன்றும் இருக்காது’ என்று தோன்றும்; அடுத்த மணி நேரம் படிப்பு, அப்பா, ஊர் வாய், போலீஸ் என்று மனம் இருபது ஆண்டு தாண்டி ஓடிவிடும்.

ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் எழுதிய நூலில் மனிதர்கள் நெருக்கடியைக் கையாளும் வழிகளை இரண்டாகப் பிரித்தார்கள். சிக்கலை நேராகப் பிடித்துத் தீர்க்கப் பார்ப்பது ஒரு வழி. அது கிளப்பிவிட்ட உணர்ச்சியை ஆற்றிக்கொள்ளப் பார்ப்பது இன்னொரு வழி. மாற்றக்கூடியதற்கு முதல் வழி உதவும், மாற்ற முடியாததற்கு இரண்டாவது உதவும் என்பது அதன் சாரம். பயந்த பையன் பெரும்பாலும் இரண்டையும் தலைகீழாகச் செய்கிறான். தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் கேம் ஆடியும் தூங்கியும் தள்ளிப்போடுகிறான். தன் கையில் இல்லாத ஒன்றை, அதாவது அவள் என்ன முடிவெடுப்பாள் என்பதை, இரவெல்லாம் கட்டுப்படுத்தப் பார்க்கிறான்.

தெரிந்துகொள்வது இன்று அத்தனை கடினம் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சிறுநீர்ப் பரிசோதனைக் கிட், நாள் தள்ளிப்போன முதல் நாளிலிருந்தே ஓரளவு நம்பகமானது. மாதவிடாய்த் தேதி நிச்சயமில்லாதவர்கள் கடைசியாக உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பார்க்கச் சொல்கிறது பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை. அதற்கு முன்பே பார்த்து ஒற்றைக் கோடு வந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிட்டு, பிறகு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. நடந்து ஓரிரு நாளே ஆகியிருந்தால் 72 மணி நேரத்துக்குள் போடுகிற அவசர மாத்திரை இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு பலன். மனப் பதற்றத்தைத் தணிப்பது பற்றிய கட்டுரையில் மாத்திரைக் கணக்கு எதற்கு என்று தோன்றலாம். தேதி தெரிந்தவனின் பயத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. தெரியாதவனுக்கு அதுவும் இல்லை.

சந்தேகம் என்ற விஷயம் இன்னும் சிக்கலானது. செய்தி கேட்டதும் பல பையன்கள் வாயிலிருந்து வருகிற முதல் கேள்வி, ‘எனக்குத்தானா?’ அந்த நேரத்தில் அது அவனுக்கு ஒரு கைப்பிடி. அவளுக்கோ கன்னத்தில் விழுந்த அறை. சந்தேகத்துக்கு இடமே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. 2009 பிப்ரவரியில் பிரிட்டனின் பரபரப்பு நாளிதழ் ஒன்று, பதிமூன்று வயதுச் சிறுவன் ஒருவன் தகப்பனாகிவிட்டதாக முதல் பக்கத்தில் படத்தோடு செய்தி போட்டது. உலகம் முழுவதும் அந்த முகம் சுற்றியது. அரசியல்வாதிகள்வரை ஒழுக்கச் சீர்கேடு பற்றிப் பேசினார்கள். சில மாதங்களில் மரபணுச் சோதனை நடந்தது. தகப்பன் அவன் இல்லை. குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு தன்னுடையது என்று நம்பிய ஒரு பிள்ளைக்கு அந்தத் தகவலை யார், எப்படிச் சொன்னார்கள், பிறகு அவனைத் தேற்றியது யார் என்று கேட்க அந்த நாளிதழுக்குப் பக்கம் மிச்சமில்லை. இந்தச் சோதனையை அமைதியாக ஏற்பாடு செய்ய மருத்துவமனையும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். காதலியின் முகத்துக்கு நேராகக் கேட்பதும், நண்பர்கள் குழுவில் ஓட்டெடுப்பு நடத்துவதும் அதற்கான வழி கிடையாது.

உறுதியான பிறகு அடுத்த அதிர்ச்சி வருகிறது: முடிவு அவன் கையில் இல்லை. கணவன் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்கக் கூடாது என்ற விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் ரத்து செய்தது. 1978இல் இங்கிலாந்தில் ஒரு கணவர் மனைவியின் கருக்கலைப்பைத் தடுக்க நீதிமன்றம் போய்த் தோற்றார். 1987இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் ஒருவர் முன்னாள் காதலிக்கு எதிராக அதே முயற்சியில் இறங்கினார். அவருக்கும் அதே கதி. இந்தியாவிலும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஆண் தரப்பின் ஒப்புதலைக் கேட்பதில்லை. பெண் பதினெட்டு நிரம்பாதவளாக இருந்தால் அவளுடைய பாதுகாவலரின் ஒப்புதலைத்தான் கேட்கிறது. பத்து மாதம் சுமப்பவள் முடிவெடுப்பதே நியாயம் என்பதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் குழந்தை பிறந்துவிட்டால் பொறுப்பு பல ஆண்டுகளுக்கு அவன் தலையிலும் விழுகிறது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 1993இல் வந்த தீர்ப்பு இதன் எல்லைக்கே போனது. பன்னிரண்டு வயதுப் பையனோடு பதினாறு வயதுப் பெண் உறவைத் தொடங்கி, அவனுக்குப் பதிமூன்று வயதில் கரு உண்டானது. சட்டப்படி அவன் பாதிக்கப்பட்ட பிள்ளை. இருந்தும் குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கு அவன் பொறுப்பு என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தையின் உரிமை வேறு, தகப்பன் எப்படித் தகப்பனானான் என்பது வேறு என்பது அதன் வாதம்.

அதிகாரம் இல்லை, பொறுப்பு உண்டு. இந்த ஏற்றத்தாழ்வை விழுங்குவதுதான் பையனின் மனவேலையில் பாதி. அதை விழுங்க முடியாதவர்கள் இரண்டு பக்கமும் சாய்கிறார்கள். சிலர் ‘கலைத்துவிடு’ என்றோ ‘பெற்றுக்கொள்’ என்றோ அவளை நெருக்குகிறார்கள். வேறு சிலர் ‘உன் இஷ்டம்’ என்று ஒரு வரி அனுப்பிவிட்டுக் கழன்றுகொள்கிறார்கள். இரண்டாவது நாகரிகமாகத் தெரியும். பல பெண்களுக்கு வலிப்பது அதுதான். தன் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு, முடிவு எதுவானாலும் கூட இருப்பேன் என்று சொல்ல ஒரு பதினேழு வயதுக்காரனுக்கு யாராவது கற்றுக்கொடுத்தால்தான் வரும்.

கூட இருந்தவர்களைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்தர் ஷோஸ்டாக், கருக்கலைப்பு மருத்துவமனைகளின் காத்திருப்பு அறைகளில் உட்கார்ந்திருந்த சுமார் ஆயிரம் ஆண்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கி, 1984இல் நூலாக்கினார். அவர்கள் எல்லாரும் சிறுவர்கள் அல்லர். ஆனால் காட்சி எல்லாருக்கும் ஒன்றே. உள்ளே அவளுக்கு ஆலோசகர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், படிவம் இருக்கிறது. வெளியே அவனுக்கு ஒரு நாற்காலியும் பழைய பத்திரிகையும். தங்களோடும் யாராவது ஐந்து நிமிடம் பேசியிருக்கலாம் என்ற ஏக்கம் அந்தப் பதில்களில் திரும்பத் திரும்ப வந்தது. ஷோஸ்டாக் இந்த ஆய்வில் இறங்கியதே, அப்படி ஒரு நாற்காலியில் தானும் உட்கார்ந்திருந்த அனுபவத்தால்தான்.

இதையெல்லாம் நடப்பதற்கு முன்பே பையன்களை யோசிக்க வைக்க முடியுமா? பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா லோகன் தலைமையில் ஒரு குழு முயன்று பார்த்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒரு கருத்தை எடுத்து, ‘நான் ஜாக்காக இருந்தால்’ என்ற குறும்படத்தை உருவாக்கினார்கள். காதலி கருவுற்றிருப்பதை அறிந்த ஒரு பையனின் ஒரு வாரம்தான் கதை. படம் நடுநடுவே நின்று மாணவனைக் கேட்கும்: இந்த இடத்தில் நீ என்ன நினைப்பாய், யாரிடம் சொல்வாய், என்ன செய்வாய்? பாலியல் கல்வி என்றால் பையன்கள் கடைசி பெஞ்சில் கிண்டலடித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே வகுப்பில் எல்லாரும், பெண் பிள்ளைகள் உட்பட, ஜாக்கின் தலைக்குள் போய் உட்கார வேண்டும்.

பிரிட்டன் முழுவதும் 66 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பாதுகாப்பற்ற உறவை ஒட்டுமொத்தமாகக் குறைத்ததா என்ற முதன்மைக் கேள்விக்கு ‘இல்லை’ என்றே பதில் வந்தது. அறிவிலும் மனப்பாங்கிலும் முன்னேற்றம் தெரிந்தது. பதிமூன்று, பதினான்கு வயதில் பெரும்பாலானவர்களுக்கு உறவே ஆரம்பிக்காத நிலையில் இதைவிடப் பெரிய முடிவை எதிர்பார்த்தது சற்றுப் பேராசைதான். ‘யாரிடம் சொல்வாய்’ என்ற கேள்வியை ஒரு பையன் முன்கூட்டியே ஒருமுறை யோசித்து வைத்திருப்பதன் மதிப்பை எந்த அளவுகோலில் அளப்பது என்பதும் யோசிக்க வேண்டியது.

சொல்ல ஆளிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய சான்று உண்டு. 1980களின் நடுவில் ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு எட்டு நகரங்களில் பதின்பருவத் தகப்பன்களுக்கும் தகப்பனாகப் போகிறவர்களுக்கும் வேலைப் பயிற்சி, ஆலோசனை, குழந்தை வளர்ப்புப் பாடம் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ நானூறு பையன்கள் வந்தார்கள். இரண்டாண்டு முடிவில் 82 விழுக்காட்டினர் குழந்தையைத் தினமும் பார்ப்பதாகச் சொன்னார்கள். தேடி வந்தவர்கள் இவர்கள். வராதவர்களின் கதை வேறாக இருக்கலாம். ஆனாலும் ‘ஓடிப்போகிறவன்’ என்ற முத்திரை இவர்கள் மேல் ஒட்டவில்லை.

இந்தத் துறையில் நீண்ட காலம் உழைத்த மார்க் கிசெலிகா சொல்வது இன்னும் எளிமையானது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ‘உனக்கு என்ன தோன்றுகிறது, சொல்’ என்று கேட்டால் பையன் பேச மாட்டான். கூடைப்பந்து ஆடிக்கொண்டே, நடந்துகொண்டே, எதையாவது கொறித்துக்கொண்டே தோளோடு தோளாக இருந்தால் பேசுவான். நம்மூரில் இதற்கு ஆலோசகர் பட்டம் தேவையில்லை. பைக்கின் பின்சீட்டில் உட்கார வைத்து டீக்கடைக்குக் கூட்டிப்போகிற தாய்மாமனுக்கோ சித்தப்பாவுக்கோ இது காலங்காலமாகத் தெரியும்.

ஆனால் அந்த மாமாவிடம் சொல்வதிலேயே தமிழ்நாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்குட்பட்டவர் எவரும் குழந்தை. அவருடைய சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. இருவருமே பதினேழு என்றாலும் நடைமுறையில் வழக்கு பையன்மேல்தான் பதிவாகும். அதைவிடப் பலருக்குத் தெரியாத ஒன்று: பெண் கருவுற்றுவிட்டால், அந்தக் காரணத்தாலேயே குற்றம் கடுமையான பிரிவுக்குப் போய்விடும். வயது வந்தவர் என்றால் அந்தப் பிரிவில் குறைந்தபட்சமே இருபதாண்டுச் சிறை. பதினெட்டுக்குக் கீழ் இருப்பவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்பான். கூர்நோக்கு இல்லத்துக்குப் போக நேரலாம். பதினாறு கடந்திருந்தால் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று பார்க்கும் வாய்ப்பும் சட்டத்தில் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் புகார் கொடுத்தாக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மருத்துவரும் ஆசிரியரும் மாமாவும் அதற்குள் அடக்கம்.

கட்டாயப்படுத்திய உறவுகளும், வயது முதிர்ந்தவன் சிறுமியைச் சீரழித்த கொடுமைகளும் இருக்கிற நாட்டில் இந்தக் கடுமைக்கு நியாயம் இருக்கிறது. காதலித்த இரண்டு பிள்ளைகளையும் அதே வலை அள்ளிவிடுவதைச் சென்னை உயர் நீதிமன்றமே பலமுறை கவனித்திருக்கிறது. 2019இல் நீதிபதி வி. பார்த்திபன் வயது வரம்பைப் பதினாறாக்க யோசிக்கலாம் என்றார்; 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்ட இளவயதுக் காதலைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கமல்ல என்று ஒரு வழக்கை ரத்து செய்தார். காதல் விவகாரங்களில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் 2022 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பினார். அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரைக் காவல்துறைக்குத் தர வேண்டியதில்லை என்று வழிவிட்டது. 2023இல் சட்ட ஆணையமோ வயதைக் குறைக்க வேண்டாம், நீதிபதிக்கு விருப்புரிமை கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. இழுபறி தொடர்கிறது. இதற்கிடையில் பையன்களுக்குக் கூகுளில் தேடிக் கிடைக்கிற பதில் ‘ஜெயில்’.

அதனால்தான் இங்கே பல கதைகள் ஓட்டத்தில் முடிகின்றன. தானாக ஓடாதவனை வீட்டார் ஓட்டிவிடுகிறார்கள்: அடி, செல்போன் பறிமுதல், ராவோடு ராவாக வெளியூர் அத்தை வீட்டுக்கோ ஹாஸ்டலுக்கோ அனுப்பிவைப்பு. காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். விளைவு நேர்மாறு. அவள் தனியாகிறாள், ஏமாற்றிவிட்டான் என்ற எண்ணம் புகாராக மாறுகிறது, அவனோ பேசுவதற்கு இருந்த ஒரே ஆளையும் இழக்கிறான். வாரங்களும் ஓடிவிடுகின்றன. சட்டப்படி கருக்கலைப்புக்கு இருபது வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். அதன்பின் 24 வாரம்வரை இரு மருத்துவர்கள் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். சில பிரிவினருக்கு மட்டுமான இந்த விதிவிலக்கில் சிறுமிகளும் வருகிறார்கள். பயந்து ஒளிந்த இரண்டு மாதத்தில் சுலபமான வழி கடினமானதாகிவிடும். நாட்டு மருந்து, ஆன்லைன் மாத்திரை என்று யாருக்கும் தெரியாமல் முடித்துவிடப் பார்த்து, ரத்தப்போக்கோடு அரசு மருத்துவமனைக்கு வருகிற பெண்கள் இந்த ஒளிந்துகொள்ளலின் விலையைத்தான் கொடுக்கிறார்கள்.

பையன் வந்து சொன்னால் பெரியவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள், அவள் வீட்டில் யாருக்குத் தெரியும் என்பதுதான். ‘ஏன் செய்தாய்’ என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்தது பரிசோதனையும் மருத்துவரும். அதற்கடுத்து ஒரு வழக்கறிஞர். மாவட்டந்தோறும் உள்ள இலவசச் சட்ட உதவி மையத்தில் பணம் கொடுக்காமலே கேட்கலாம். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டாலும் அந்தப் பையனோடு பேச வேண்டியது மிச்சம் இருக்கிறது. நிம்மதியோடு வெட்கமும், அவள்மேல் காரணமில்லாத கோபமும் சேர்ந்தே வரும். சிலர் அந்த வாரமே உறவை முறித்துக்கொள்வார்கள், ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. கலைப்பு நடந்திருந்தால் துக்கம் மாதங்கள் கழித்துக்கூட வரலாம். பையனுக்கு எதற்கு அழுகை என்று கேட்காமல் இருந்தால் போதும், பாதி ஆறிவிடும். சாவைப் பற்றிப் பேசினால், விளையாட்டாகச் சொன்னாலும், அன்றிரவு அவனைத் தனியாகப் படுக்கவிடக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.